கை இல்லாத சட்டை

"அக்கா, எனக்கு ஒரு கை இல்லாத சட்டை தைச்சுத் தர்றீங்களா?" என்று என் ஓரகத்தி கேட்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லவேளை. கண்ணில் தண்ணீர் வந்ததற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

அவள் என் கணவருடைய தம்பியின் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், நடுவில் ஒரே சமையலறை. அவளுக்கு இரண்டு அக்குளிலும் ஆபரேஷன் நடந்து, தழும்பு ஆறி, பரண் மேல் இருக்கிற டப்பாவை எட்டி எடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். இனிமேல் கையைத் தூக்கலாம், வீசலாம், கை இல்லாத சட்டை போட்டுக்கொண்டு தெருவில் நடக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எரிந்தது, அவ்வளவுதான்.

குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு அக்குளில் சதை திரண்டுகொண்டது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும், வலது பக்கம் இன்னும் கொஞ்சம் பெரிது. பால் கட்டிய நாட்களில் அங்கேயும் கட்டிக்கொண்டு விண் விண் என்று தெறித்தது. குழந்தை பால் மறந்த பிறகு வீக்கம் இறங்கியதே தவிர சதை போகவில்லை. வீட்டில் இது முதலில் தெரிந்தது எனக்குத்தான், ஏனென்றால் அவளுக்குச் சட்டை தைப்பவள் நான்.

யூனிபார்ம் தைக்கிற கடையில் துணி வெட்டுவது என் வேலை. நர்சுகள், காவலாளிகள், ஓட்டலில் பரிமாறுகிறவர்கள் எல்லாரும் என் மேஜைக்கு வந்துதான் ஆக வேண்டும். கடையில் எனக்குக் கத்திரி என்று பெயர். கையில் இருப்பதைப் பார்த்து வைத்ததா, வாயைப் பார்த்து வைத்ததா என்று நான் விசாரிக்கவில்லை. ஒருவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும், ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார். எல்லாம் என் டேப்புக்குத் தெரியும், வாய்க்கு வராது. என் ஓரகத்திக்கு அளவெடுத்தபோதும் நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்குளுக்கு அடியில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்து, கையைக் கொஞ்சம் இறக்கி வெட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்றாள்.

"ஒண்ணுமே தெரியல அக்கா. எப்படி வெட்டினீங்க?"

"கை பழக்கம்தான்," என்றேன்.

பழக்கம்தான். அந்த வெட்டை நான் பல வருஷமாக எனக்கே போட்டுப் பழகியிருந்தேன். ஆமாம், எனக்கும் இருக்கிறது. என் மகள் பிறந்ததிலிருந்து இருக்கிறது. எனக்கு இடது பக்கம் பெரிது. மாதத்தில் சில நாள் தொட்டாலே உயிர் போகும். ஒருமுறை என் கணவரிடம், "அக்குள்ல என்னமோ திரண்டிருக்குங்க," என்று ஆரம்பித்தேன். லிப்ட் பழுது பார்க்கிற மனிதர், நாளெல்லாம் குழிக்குள் இறங்கி ஏறி வந்த களைப்பு. "ம்," என்றார். அந்த "ம்"மோடு நான் விஷயத்தை மூடிவிட்டேன். தையல் தெரிந்தவளுக்குத் தன் உடம்பை மறைக்கவா தெரியாது? இருட்டும் துணியும் இருந்தால் எதையும் சமாளிக்கலாம்.

என் ஓரகத்தி என்ன செய்தாள் தெரியுமா? எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பு ஊற்றச் சொல்கிற மாதிரி, அவள் புருஷனிடம் சொன்னாள்.

"எனக்கு அக்குள்ல இருக்கிற சதையை எடுத்துடணும்ங்க. வலியும் தாங்கல, பாக்கவும் பிடிக்கல."

என் கொழுந்தன் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். வாய் ஓயாமல் பேசுவான். நான் மனதுக்குள் அவன் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். 'எதுக்கு?' என்பான், 'யாரு பாக்கப் போறா?' என்பான். அவன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "எவ்வளவு ஆகும்?" என்றான்.

அவ்வளவுதான். எதுக்கு இல்லை, ஏன் இல்லை, நேராக விலை. எனக்குக் காதில் புகை வராத குறை. என் கணவரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் போகும்போது என்னையும் கூப்பிட்டாள். "அவர் உள்ள வந்தா கூச்சமா இருக்கும் அக்கா. நீங்க வாங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே." கொழுந்தன் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய போனுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

டாக்டர் அம்மா கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு அழுத்திப் பார்த்தார். திரைக்குப் பின்னாலேயே ஸ்கேனும் எடுத்தார்.

"இது துணை மார்பகம். சில பேருக்குப் பிறவியிலேயே அக்குள்ல கொஞ்சம் மார்புத் திசு தங்கிடும். பிள்ளை உண்டானா முழிச்சுக்கும். ஸ்கேன்ல பயப்பட ஒண்ணும் இல்ல. தொந்தரவு இல்லன்னா இப்படியே விட்டுடலாம், தப்பு கிடையாது. ஆனா கட்டி மாதிரி தனியா ஏதாவது தட்டுப்பட்டா மட்டும் உடனே வரணும்."

"விடறதா இல்ல டாக்டர்," என்றாள் என் ஓரகத்தி. அவளுக்குத்தான் எவ்வளவு துணிச்சல்.

"அப்படின்னா ரெண்டு வழி. வெறும் கொழுப்பா இருந்தா சின்னத் துளை போட்டு உறிஞ்சி எடுத்துடலாம். தழும்பு பேருக்குத்தான் இருக்கும். உங்களுக்கு உள்ள சுரப்பியும் இருக்கு. அதை உறிஞ்ச முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். தொங்கற தோலையும் சேர்த்து எடுத்து, அக்குள் மடிப்புலேயே தையல் போட்டுடுவோம். பாதிப் பேருக்கு ரெண்டையும் சேர்த்துத்தான் செய்வோம்."

தையல் என்றதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. தோலை எந்தப் பக்கமாக மடிப்பீர்கள், இழுத்துப் பிடிக்காதா, துணி வெட்டுகிறவள் கையை வீசி வெட்டலாமா, எத்தனை நாளில் இஸ்திரிப் பெட்டி தூக்கலாம், மறுபடி வளருமா. கேட்டுக்கொண்டே போனேன். டாக்டரும் சளைக்காமல் சொன்னார். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள். அன்றைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வரலாம். சில வாரம் இறுக்கமான உள்சட்டை போட வேண்டும். கொஞ்ச நாளைக்கு அங்கே மரத்துப்போகும், நீர் கோத்தாலும் கோக்கும். இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் அதைப் பெற்றுக்கொண்டு வருவது நல்லது, மிச்சமிருக்கிற திசு மறுபடி வீங்கும்.

"இடது பக்கம் பெருசா இருந்தா, அந்தப் பக்கம் தழும்பும் நீளமா இருக்குமா?" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இவங்களுக்கு வலதுதானே பெருசு?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "எதிர்ல நிக்கிறவங்களுக்கு இடம் வலம் மாறிடும் டாக்டர். அளவெடுக்கிறவ புத்தி," என்று சிரித்து மழுப்பினேன்.

"உங்க அக்கா உங்களைவிட விவரமா கேக்குறாங்க," என்றார் டாக்டர், என் ஓரகத்தியிடம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் மேல் உயிரையே வைத்திருப்பதாக நினைத்துவிட்டாள், பைத்தியக்காரி.

பிறகு கொழுந்தனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கேட்டது அதே கேள்விதான். டாக்டர், "இதுக்கு ஒரே விலை கிடையாது," என்றார். "ஒரு பக்கமா ரெண்டு பக்கமாங்கறது இருக்கு. உறிஞ்சறதும் வெட்டறதும் சேர்ந்தா கூடும். மயக்க மருந்து டாக்டருக்குத் தனி, ரூமுக்குத் தனி, எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பறதுக்குத் தனி. எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு எழுதி வாங்கிக்கோங்க. இன்னொரு ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பாருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன். அழகுக்காகன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சுடுவான். வலிக்காகன்னா நான் எழுதித் தர்றேன். முன்கூட்டியே அனுப்பிக் கேளுங்க, அதிர்ஷ்டம் இருந்தா கொஞ்சம் தருவான்."

இன்சூரன்ஸ்காரன் பாதிக்குக் கீழேதான் ஒத்துக்கொண்டான். மிச்சம் ஏறக்குறைய ஒரு புது மோட்டார் சைக்கிள் விலைக்கு வந்தது. அது எனக்கு எப்படித் தெரியுமென்றால், கொழுந்தன் புது வண்டிக்கென்று சேர்த்து வைத்திருந்ததைத்தான் எடுத்தான். "பழசு இன்னும் ஓடுதுல்ல, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான். பழசு ஓடுவதைக் கேட்க வேண்டுமே. தினமும் காலையில் வாசலில் நின்று உதைப்பான். அது இருமும், அணையும், மறுபடி உதைப்பான். அவன் உதைக்கிற ஒவ்வொரு உதையும் என் நெஞ்சில் விழுந்தது. ஒரு பெண்ணின் அக்குளுக்காக ஒருவன் வண்டியை விட்டுக்கொடுக்கிறான். எனக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

ஆபரேஷன் முடிந்து வந்தவளுக்குக் கையைத் தூக்க முடியவில்லை. தலை வாரிவிட்டது நான். ஆஸ்பத்திரியில் கொடுத்த உள்சட்டை கழுத்தில் உரசுகிறது என்று பிரித்துத் தைத்துக் கொடுத்தது நான். அவள் பங்குத் துணிகளையும் சேர்த்துத் துவைத்து, பின்கட்டில் கொடியில் உலர்த்தியதும் நான். அந்தக் கொடி ஒரு கொடுமை. எங்கள் வீட்டில் மட்டும் அது மார்பு உயரத்தில் தொங்கும். போகிற வருகிற போதெல்லாம் கொழுந்தன் நெஞ்சில் மாட்டும். "எந்தப் புத்திசாலி இதை இவ்வளவு கீழ கட்டினது?" என்று ஓரகத்தி புலம்புவாள். என் கணவர்தான் கட்டினார், ஏன் என்று நானும் கேட்டதில்லை.

வாரிவிடும்போது அவள் தலை என் மடிக்கு நேரே இருக்கும். மகாராணிக்குச் சேவகம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே சிக்கெடுப்பேன். சில நாள் சீப்பு கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. அவள், "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அக்கா," என்பாள். அப்போது இன்னும் எரிச்சலாக வரும். பொறாமைப்படுகிறவளுக்கு நன்றி சொல்வதைப்போல ஒரு தொல்லை கிடையாது.

இப்படித்தான் விஷயம் கை இல்லாத சட்டையில் வந்து நின்றது. அவள் ஆபீசில் கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பிடப் போகிறார்கள், அதற்குப் போட வேண்டுமாம். கரும்பச்சைத் துணி, கையில் எடுத்தால் வழுக்குகிற ரகம். துணி தேர்ந்தெடுக்கவும் கற்றுக்கொண்டாள்.

"அளவு எடுக்கணுமா அக்கா? என் உடம்புதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே."

எடுத்திருக்க வேண்டும். கடையில் யாராவது அளவெடுக்காமல் வெட்டினால் நான் சும்மா விடமாட்டேன். ஆனால் அந்தப் புது அக்குளை டேப் பிடித்துத் தொட்டுப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அக்குளை மட்டும் கண்ணளவில் இறக்கி, துணியை வெட்டி, பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டேன்.

விடுமுறை நாள். வீட்டில் யாரும் இல்லாத மத்தியானம். கடையில் பொம்மைக்கு மாட்டிப் பார்ப்போம், வீட்டில் பொம்மை ஏது? கதவைத் தாழ் போட்டுவிட்டு நானே மாட்டிக்கொண்டேன். சும்மா, தொங்கல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கண்ணாடியில் என் வெறும் கைகளைப் பார்த்தேன். கரும்பச்சை எனக்குத்தான் எடுப்பாக இருந்தது, அவளைவிட. ஆனால் அக்குளில் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. அசிங்கமாக இருந்தது. கை தானாக ஊசிகளை எடுத்தது. இங்கே கொஞ்சம் தளர்த்தி, அங்கே ஒரு சின்ன மடிப்பு பிடித்து, ஓரத்தை ஒரு நூல் அளவு மேலே ஏற்றி, ஊசி குத்திக் குத்தி மறைத்தேன். கடைசியில் ஒன்றும் தெரியவில்லை. கை இல்லாத சட்டையில், ஒன்றும் தெரியாமல், நான் நின்றேன். அங்கேயே வெகுநேரம் நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். வாசலில் கொழுந்தனின் வண்டிச் சத்தம் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அவசர அவசரமாகக் கழற்றி, மெஷினில் வைத்து, ஊசி குத்தியிருந்த கோட்டிலேயே தையலை ஓட்டிவிட்டேன். ஓட்டும்போது என் மனசு கண்ணாடி முன்னால்தான் இருந்தது.

வெளியே போகிற அன்று அவள் என் அறைக்கு வந்துதான் போட்டுப் பார்த்தாள். கொழுந்தன் வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சட்டையைப் போட்டுக்கொண்டு கையை உயர்த்தினாள். இரண்டு அக்குளிலும் துணி பை மாதிரி நின்றது. உள்ளே வைக்க ஒன்றும் இல்லாத பை. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள், உள்ளே போயிற்று.

"பழைய ஞாபகத்துல வெட்டிட்டேன்மா," என்றேன். "கழட்டிக் குடு, ஒரே நிமிஷம், பிடிச்சுத் தர்றேன்."

அவள் கழற்றவில்லை. கண்ணாடியை நெருங்கிப் போய் ஒரு கையைத் தூக்கினாள், பிறகு இன்னொரு கையை. தன் உடம்பில் அந்தப் பையோடு அத்தனை நாள் வாழ்ந்தவள் அல்லவா.

"பழைய ஞாபகம்னா வலது பக்கம்தானே பெருசா இருக்கணும் அக்கா? இது இடது பக்கம் பெருசா இருக்கு."

நான் குண்டூசி டப்பாவை எடுக்கத் திரும்பினேன்.

"டாக்டர்கிட்டயும் இடதுன்னுதான் கேட்டீங்க."

கத்திரிக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. அவள் என் இடது கையைப் பார்த்தாள். நான் அதை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டிருந்தேன், எப்போதும்போல.

"உங்களுக்கும் இருக்கா?"

"இருக்கு."

பரிதாபப்படுவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. முகம் சிவந்துவிட்டது.

"ஒவ்வொரு தடவை அளவெடுக்கும்போதும் உங்க முன்னாடி கூனிக் குறுகி நின்னேன். உலகத்துலேயே எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். 'எனக்கும்தான்டி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

"நீ சொன்ன, உன் வீட்டுக்காரர் கேட்டாரு. எனக்கு யார் இருக்கா கேக்க?" என்று வெடித்துவிட்டேன். "உன்னைப் பாத்து எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா? அந்த வண்டி உதைக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு ஆகாது. தலை வாரும்போது வேணும்னுதான் இழுத்தேன்."

"தெரியும். வலிச்சுது," என்றாள். பிறகு கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "மாமா அங்கதான் இருக்காரு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

இவள் போய்ச் சொல்லி, அவர் "ம்" என்று, அதை இவள் காதால் கேட்பதா? அதைவிட நானே கேட்டுக்கொள்வது மேல். விடுவிடு என்று கூடத்துக்குப் போனேன். மறுபடி ஒருமுறை "ம்" வந்தால் இந்த ஜென்மத்தில் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவும் செய்துகொண்டுதான் போனேன். அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, அவளுக்கு அக்குள்ல இருந்தது எனக்கும் இருக்கு. அவளுக்கு முன்னாடியே இருக்கு. எடுத்துடலாம்னு பாக்குறேன்."

அவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். 'எதுக்கு?' என்றால் என்ன சொல்வது, 'யாரு பாக்கப் போறா?' என்றால் என்ன சொல்வது, 'எவ்வளவு ஆகும்?' என்றால் என்ன சொல்வது என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"வலிக்குதா?" என்றார்.

அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"மாசா மாசம்," என்றேன் ஒருவழியாக.

"எப்போலேருந்து?"

"பாப்பா பொறந்ததுலேருந்து."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "துணி காயப்போடும்போது இடது கையைத் தூக்கமாட்ட. ஸ்டூல் போட்டு ஏறுவ. கொடி உனக்கு எட்டலன்னு நெனச்சுட்டேன். அதான் இறக்கிக் கட்டினேன்." இஸ்திரிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வலின்னு தோணல எனக்கு. கேட்டிருக்கணும். எந்த டாக்டர், அவளுக்குப் பாத்தவங்களா? நாளைக்கே போலாம்."

கொடி. இத்தனை வருஷம் தலை குனிந்து குனிந்து நான் திட்டிய கொடி. அழுகை வந்தது, அழுதேன். அவர் எழுந்து வந்து என்ன செய்வதென்று தெரியாமல் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே என் பக்கத்தில் நின்றார்.

"அதனாலதான் கொடி அவ்வளவு கீழ இருக்கா?" என்று அறை வாசலிலிருந்து ஓரகத்தியின் குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். பை தொங்குகிற பச்சைச் சட்டையோடு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். வெளியே கொழுந்தன் வண்டியை உதைத்தான், அது இருமி அணைந்தது. "சீக்கிரம் வா," என்று கத்தினான்.

"எங்க வீட்டுக்காரர் விலையைத்தான் அக்கா கேட்டார்," என்றாள். "ஆஸ்பத்திரியிலயும் கேட்டார், வீட்டுக்கு வந்தும் கேட்டார். வலிக்குதான்னு ஒரு நாளும் கேக்கல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவள் கண் என் கணவர் மேல் போயிற்று, என் மேல் வந்தது, பின்கட்டில் தாழ்வாகத் தொங்குகிற கொடியில் போய் நிலைத்தது. அந்தப் பார்வை யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். இத்தனை மாதமும் அதை நான்தான் கண்ணில் வைத்திருந்தேன்.

"சட்டையைக் குடு, பையைப் பிடிச்சுத் தர்றேன்," என்றேன்.

"வேண்டாம் அக்கா. இது உங்க அளவு," என்று சொல்லிவிட்டுக் கழற்றப் போனாள்.

பாவம் என்று நினைத்தேன். பொய் எதற்கு, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.